டிஸப்பாயின்டடுக்கு எழுவாய் யார்?

மனசு நோவது தமிழில், மனு கொடுப்பது இங்கிலீஷில். இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டைப் அடிப்பதுதான் எங்கள் தொழில்.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், ஆன்லைன் சர்வீஸ் என்று போர்டில் வரிசையாக இருக்கும். போர்டில் எழுதாத சர்வீஸ் ஒன்று உண்டு. வருகிறவர்கள் நடந்ததையெல்லாம் கொட்டுவார்கள். நான் அதை இங்கிலீஷாக்கி, கையெழுத்துப் போட இடம் விட்டு, பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. ஊரார் புலம்பலைக் கேட்டே காது புளித்துப்போன கவுன்டர் கிளார்க்குகளே, கஸ்டமர் கேர் கண்மணிகளே, ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக ஜீவன்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். நம்ம கஷ்டம் மற்றவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?

வருத்தத்துக்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை என்று நினைக்கிறீர்கள்? அப்செட், சாட், டிஸப்பாயின்டட், டிஸ்மேட், ஃபெட் அப், ரிக்ரெட். எதைப் போட்டால் வேலை நடக்கும், எதைப் போட்டால் நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. தாம்பரம் முதல் பெருங்களத்தூர் வரை இந்த விஷயத்தில் கலாவை அடிச்சுக்க ஆளில்லை. போன மே மாதம் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டேன். அந்த ஒரு மாதத்தில் நடந்தவைதான் இவை.

தன்வினை, பிறவினை

மே முதல் வாரம், மண்டையைப் பிளக்கிற வெயில். மங்கை டீச்சர் விரித்த குடையை மடக்கக்கூட மறந்து கடைக்குள் வந்தார். முழுப் பெயர் மங்கையர்க்கரசி. சேலையூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருஷமாகத் தமிழ் டீச்சர். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு நாலாம் வகுப்புக்கும் அஞ்சாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறார். "வர்ற ஜூன்லேர்ந்து ப்ளஸ் டூவுக்கு நீங்கதான்" என்று ஜனவரியில் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் தன் வாயால் சொல்லியிருந்தார். டீச்சர் அதை நம்பி, ப்ளஸ் டூ புத்தகம் வாங்கி, செய்யுள் பகுதி முழுக்கக் குறிப்பு எழுதி முடித்துவிட்டார். இப்போது கையில் ஒரு கடிதம். 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று ஆரம்பித்து, அந்த வகுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது, நீங்கள் பழையபடி நாலையும் அஞ்சையும் பாருங்கள் என்று முடிந்தது. மாசக் கடைசியில் ஸ்டாஃப் லிஸ்ட்டை ஒட்டிவிடுவார்கள். அதற்குள் ஏதாவது செய்தால்தான் உண்டு. இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்தப் பள்ளியில் யார் எது எழுதிக் கொடுத்தாலும் இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டுமாம். தமிழ் டீச்சருக்கும் அதே சட்டம்தான்.

"எழுதுங்க கலா. நீங்க என்னை ஏமாத்திட்டீங்க. இதுதான் முதல் வரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ, 'சீட்' பண்ணிட்டீங்கன்னு போட்டா போலீஸ் கம்ப்ளெயின்ட் மாதிரி ஆயிடும் டீச்சர். இருக்கற வேலையும் போயிடும். 'ஐ ஆம் டிஸப்பாயின்டட்'னு போடறேன். தமிழ்ல சொன்னா, எனக்கு ஏமாற்றமா இருக்கு. மரியாதையான வார்த்தை" என்றேன். டீச்சர் என்னை அஞ்சாம் வகுப்புக் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏமாறினேன், தன்வினை. ஏமாற்றினார்கள், பிறவினை. எனக்கு நடந்தது பிறவினை. நீங்க அதைத் தன்வினையா மாத்தி, நானே போய்ப் பள்ளத்துல விழுந்த மாதிரி எழுதறீங்க" என்றார்.

நான் விடுவேனா? அரைமணி நேரம் பேசினேன். என் பத்தொன்பது வருஷ அனுபவத்தை எடுத்துவிட்டேன். இதே வார்த்தையைப் போட்டுக் காரியம் சாதித்தவர்களின் கதைகளை அடுக்கினேன். கடைசியில் டீச்சர் மனசில்லாமல் பேனாவை வாங்கினார். 'ஐ ஆம் டீப்லி டிஸப்பாயின்டட்' என்ற வரிக்குக் கீழே அழகான தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ப்ளஸ் டூவுக்காகப் போடறேன் கையெழுத்து. இலக்கணத்துக்கு நான் பொறுப்பில்லை."

ஃபீலிங்

மறுநாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் வந்தார். ஆட்டோ புக் பண்ணுகிற ஆப் ஒன்றில் யாரோ ஒரு பயணி இவருக்கு ஒற்றை ஸ்டார் கொடுத்துவிட, கம்பெனிக்காரர்கள் இவர் ஐடியை மூன்று நாள் முடக்கிவிட்டார்கள். அவர்களுக்கு இங்கிலீஷில் மெசேஜ் போட வேண்டும். "பெருசா ஒண்ணும் வாணாம் மேடம். ஐ ஆம் ஃபீலிங். அத்த மட்டும் போட்டுக் குடு, அவனுக்குப் புரிஞ்சிடும்" என்றார்.

"என்ன ஃபீலிங்ப்பா? ஃபீலிங் சாடா, ஃபீலிங் ஆங்க்ரியா? பின்னாடி ஒரு வார்த்தை வரணுமே" என்றேன். இங்கிலீஷில் ஃபீலிங் என்றால் சந்தோஷமாகவும் இருக்கலாம், துக்கமாகவும் இருக்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் எனக்காக அவர் பரிதாபப்பட்டார். "இன்னா மேடம் நீ, ஃபீலிங்னாலே சோகம்தான? சந்தோசமா கீறவன் இன்னாத்துக்கு ஃபீல் பண்ணிக்கினு குந்திகினு இருக்கான்?"

லேமினேஷன்

பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பையன். இஞ்சினியரிங் முடித்து ஒரு வருஷமாகிறது. வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது. வீட்டில் பாயசம் வைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, மன்னிக்கவும், இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை என்று அடுத்த மெயில். இரண்டையும் பிரின்ட் எடுக்கச் சொன்னான். எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது. ரொம்ப டிஸப்பாயின்ட்மென்ட்டா இருக்கும் இல்லையா தம்பி, விட்டுத் தள்ளு, உன் திறமைக்கு நல்ல இடமாகவே கிடைக்கும் என்றெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே பேப்பரை நீட்டினேன்.

பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நான் ஏதோ உளறிவிட்டேனோ என்று பார்த்தால், அவன் வேறு கணக்கில் இருந்தான். அப்பா நம்ப மாட்டேன் என்கிறாராம். நீயே ஏதோ சொல்லி வேலையைக் கெடுத்துக்கொண்டிருப்பாய் என்று தினமும் திட்டாம். அதற்குத்தான் ஆதாரம். "அக்கா, மொதல்ல வந்தது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். ரெண்டாவது வந்தது டிஸ்-அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். ரெண்டையும் லேமினேட் பண்ணிடுங்க, ஹால்ல மாட்டணும்."

புரிந்துகொண்டார்கள்

பத்து நாள் கழித்து மங்கை டீச்சர் வந்தார். பள்ளியிலிருந்து பதில் வந்திருந்தது. பேப்பரை என் மேஜைமேல் வைத்தார். இரண்டே வரி. 'வி அண்டர்ஸ்டாண்ட் யுவர் டிஸப்பாயின்ட்மென்ட். வி தேங்க் யூ ஃபார் யுவர் கோஆபரேஷன்.' உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொண்டோம், ஒத்துழைப்புக்கு நன்றி. முடிந்தது கதை.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஏன் என்று கேளுங்கள். அந்த வரியை என் கையாலேயே எத்தனை கம்பெனிகளுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன்! மனைப் பிரிவு விற்கிறவர், டிராவல்ஸ்காரர், சீட்டு கிடைக்காதவர்களுக்குப் பதில் போடும் கல்லூரி ஆபீஸ்காரர் என்று யார் வந்தாலும் என் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வரி அது. பெயரை மாற்றினால் போதும். ஃபைலை மூடியாச்சு, வீட்டுக்குப் போ என்பதுதான் அதன் அர்த்தம். அப்படியென்றால் நான் செய்த காரியம் என்ன? ஊரில் உள்ள எல்லா ஆபீஸிலும் பதில் ரெடியாக இருக்கிற ஒரு வார்த்தையைத் தேடி எடுத்து டீச்சர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "தப்பு என்மேலதான் டீச்சர்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. பேப்பரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்ல கலா. நாலாம் வகுப்புப் பசங்களும் நல்ல பசங்கதான்."

குடல்

அன்றைக்கே மத்தியானம் குரோம்பேட்டையிலிருந்து ஓர் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். அவன் வாட்ஸ்அப்பில் 'ஐ ஆம் கட்டட் (gutted), மா' என்று போட்டிருக்கிறான். என்னவோ ஏதோ என்று அப்பா ஃபோனில் அர்த்தம் தேடிப் பார்த்திருக்கிறார். குடல் நீக்கப்பட்ட என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான், அப்பா சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டு மகனுடைய ஆபீஸுக்கு இங்கிலீஷில் மெயில் போட வேண்டும் என்று அம்மா என்னிடம் வந்திருக்கிறார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"மொதல்ல அவனுக்கு ஃபோன் போடுங்கம்மா" என்று நானே அவர் ஃபோனை வாங்கிப் போட்டேன். மகன் எடுத்தான். எடுத்தவன் வாயில் டோஸ்ட்டோ என்னவோ மென்றுகொண்டு பேசுகிறான். ஆபீஸ் கிரிக்கெட் மேட்சில் ஃபைனலில் தோற்றுவிட்டார்களாம். மனசு விட்டுப்போனால் அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம், அர்த்தம் ரொம்ப ஏமாற்றமாக இருக்கிறது என்பதுதானாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூச்சு விட்டார், பிறகு ஸ்பீக்கரில் மகனுக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னார்: "ஒரு மேட்ச் தோத்ததுக்கே குடலை உருவிக்கிறானே, நாளைக்குப் பொண்ணு வீட்ல வேணாம்னு சொன்னா இவன் எதை உருவிக்குவான்?"

காரம்

மாடம்பாக்கத்தில் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். கட்டடத்தின் நெற்றியில் அவருடைய அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார். முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் டியூஷன் சென்டர்காரர்கள் அந்தப் பெயரை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பெரியவருக்கு ரத்தம் கொதிக்கிறது. "எங்கப்பா பேரு மேல எவனோ கோட்டு போட்டவன் சிரிச்சிகினு நிக்கறாம்மா. உறைக்கிற மாதிரி ஒரு லெட்டர் குடு" என்றார்.

மங்கை டீச்சர் விஷயத்தில் மூக்குடைபட்டிருந்தேன் இல்லையா, இவருக்காவது சரியாகச் செய்ய வேண்டும் என்று தீவிரமாக யோசித்தேன். 'டிஸ்மேட்' என்று போடலாம், டிஸப்பாயின்டடைவிடக் காரம் ஜாஸ்தி என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். பக்கத்துக் கட்டடக்காரர் போன மாசம் தன் வாடகைதாரருக்கு அந்த வார்த்தையைத்தான் போட்டாராம். அவரைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டுமாம். "அப்படின்னா 'அப்பால்ட்'னு போடறேங்க. அதிர்ச்சியும் கோபமும் சேர்ந்தது. அதுக்கு மேல போனா கோர்ட்டுதான்" என்றேன். பெரியவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "அப்பால இன்னாத்துக்கும்மா? அப்பாலன்னா அவன் அப்பிடியே மறந்துடுவான், இப்பவே போடு."

துக்கம் விசாரித்தார்கள்

பெருங்களத்தூர் பக்கத்து நகர் ஒன்றின் நலச்சங்கச் செயலாளர், ரிட்டையர்டு ஆபீசர், தானே ஒரு கடிதத்தோடு வந்தார். தெருவில் சாக்கடை வழிகிறது. அதைப் பற்றி ஃபோனில் இருக்கிற ஏதோ ஒரு செயலியிடம் சொல்ல, அது ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதித் தள்ளிவிட்டது. ஆழ்ந்த துயரம் என்கிறது, சொல்லொணா வேதனை என்கிறது, நொறுங்கிய இதயத்துடன் எழுதுகிறோம் என்கிறது, எல்லாம் இங்கிலீஷில். சாக்கடை என்ற சமாசாரம் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. "சார், குறைச்சுக்கலாமே" என்றேன். "ஒரு வார்த்தை கைவைக்கக் கூடாது. வெறும் பிரின்ட் மட்டும் எடும்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். எனக்கென்ன வந்தது?

நாலாம் நாள் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "நீயே எழுதிக் குடும்மா" என்றார். மூன்று வரி எழுதினேன். இந்தத் தெரு, இத்தனை நாளாக வழிகிறது, இத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கழிவுநீர் லாரி வந்து நின்றுவிட்டதாம். எனக்கு நன்றி சொல்லத்தான் வந்தார், ஆனால் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் அவருக்குப் ஃபோன் செய்து கேட்டதுதான் அவருக்கு ஆறவே இல்லை. "சார், உங்க லெட்டரைப் படிச்சோம், மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. எந்த வீடு சார், எடுத்துட்டாங்களா?"

தேங்க்கிங் யூ

மூன்று வரிக்கு லாரி வந்தது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஸ்டாஃப் லிஸ்ட் ஒட்ட இன்னும் நாலு நாள்தான். மங்கை டீச்சருக்குப் ஃபோன் போட்டேன். வேண்டாம் கலா, விட்டுடுங்க என்றார். வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தேன். அவருடைய பழைய கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, "இதுல எழுவாய் எது டீச்சர்?" என்று கேட்டேன். தமிழ் டீச்சரிடம் இலக்கணம் கேட்டால் சும்மா இருப்பாரா? சடாரென்று பதில் வந்தது. "ஐ. நான்தான். ஏமாந்தவ பேரு இருக்கு. செஞ்சவங்க பேரே கிடையாது."

"அதேதான். இந்தத் தடவை 'யூ'ல ஆரம்பிக்கலாம்" என்றேன். மோசடி என்று சொல்லக் கூடாது, சொன்னால் வக்கீல் வருவார். ஏமாற்றம் என்றும் சொல்லக் கூடாது, சொன்னால் புரிந்துகொண்டு விடுவார்கள். யோசித்து யோசித்து அடித்தேன். 'யூ ஹாவ் லெட் மீ டவுன்.' தமிழில் என்ன என்று கேட்டார். எனக்கு உடனே வரவில்லை. "கீழ விட்டுட்டீங்கன்னு... ஒருத்தரை நம்பிக் கையைப் பிடிச்சிட்டிருக்கும்போது அவங்க பாட்டுக்கு விட்டுட்டா..." என்று தடுமாறினேன். டீச்சர் மெதுவாக, "கைவிட்டுட்டீங்க" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும்தான்.

மொத்தமே மூன்று வரி. ஜனவரியில் நீங்கள் எனக்கு ப்ளஸ் டூ வகுப்பைத் தருவதாகச் சொன்னீர்கள். நான் நம்பித் தயார் செய்தேன். நீங்கள் என்னைக் கைவிட்டுவிட்டீர்கள். கைண்ட்லி கிடையாது, ஹம்ப்லி கிடையாது. வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல்தான், பத்தொன்பது வருஷத்தில் இப்படி மொட்டையாக ஒரு கடிதம் நான் அடித்ததே இல்லை. பழக்கதோஷத்தில் கை தானாகப் போய் 'தேங்க்கிங் யூ' என்று அடிக்க ஆரம்பித்தது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நன்றி சொல்ற மாதிரி அவங்க இன்னும் ஒண்ணும் செய்யல கலா. கையெழுத்துக்கு மட்டும் இடம் விடுங்க."

ஆர்டர்

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருத்தருடைய ரேஷன் கார்டை இன்னொருத்தர் ஆதாரோடு சேர்த்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாவி, ஒரு நல்ல மனுஷியின் வேலைக்கு வேட்டு வைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் டீச்சர் வந்தார். கையில் ஒரு கவர். நடையைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்றே கணிக்க முடியவில்லை. என் ஸ்டூலை நானே அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்த மூன்று வரிக்கு என்ன பதில் போடுவது என்று பள்ளி ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. புரிந்துகொண்டோம் என்று போட்டால், ஆமாம், கைவிட்டுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இல்லை என்று போட்டால், ஜனவரியில் சொன்னது பொய்யா என்று கேள்வி வரும். வேறு வழியில்லாமல் கரஸ்பாண்டன்டிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். முதல் கடிதம் அவர் கண்ணிலேயே படவில்லையாம். டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "சொன்னேம்மா. சொல்லிட்டு மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்று தமிழில் சொன்னார். ப்ளஸ் டூவுக்கு வெளியிலிருந்து வருகிறவரை இனி மாற்ற முடியாது. அதனால் இந்த வருஷம் ப்ளஸ் ஒன் இரண்டு செக்‌ஷனும் மங்கை டீச்சருக்கு. அடுத்த வருஷம் அதே பிள்ளைகளோடு அவரும் ப்ளஸ் டூவுக்குப் போவார். இதெல்லாம் வாய்வார்த்தையாக இல்லை, ஆர்டரிலேயே இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எந்த வரியிலும் சூது இல்லை. துள்ளிக் குதிக்காத குறைதான் எனக்கு. டீச்சர் மட்டும் முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இந்த 'ப்ளீஸ்ட்'னா என்ன?" என்றார். 'வி ஆர் ப்ளீஸ்ட் டு அப்பாயின்ட் யூ.' சந்தோஷம் டீச்சர், உங்களை நியமிப்பதில் சந்தோஷம் என்று அர்த்தம் என்றேன். "யாருக்குச் சந்தோஷம்?" என்றார். அவங்களுக்குத்தான் என்றேன். உதடு துடித்தது, அழப்போகிறாரோ என்று பயந்தேன், பார்த்தால் சிரிக்கிறார். அந்தப் பதினோரு வருஷத்தையும் சேர்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்து முடித்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "காத்திருந்தது நானு, சந்தோஷம் மட்டும் அவங்களுக்கா? உக்காந்து ஒரு பதில் அடிங்க கலா. எனக்குச் சந்தோஷமா இருக்குன்னு எழுதுங்க, இந்தத் தடவை எழுவாய் நானா இருக்கட்டும்."

ஏமாற்றத்துக்கு ஏழெட்டு வார்த்தையை விரல் நுனியில் வைத்திருக்கும் இந்த கலா, 'ஐ ஆம் ஹாப்பி' என்று மூன்றே வார்த்தை அடிக்க அன்றைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள், பிழைப்பு கெட்டுவிடும்.